முள்ளம்பன்றி தின்ற வரிசை

ஞாயிறு காலை எண்ணினேன்.
பதினொன்று.
தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு
வளையல் கழற்றிய மணிக்கட்டு மாதிரி
வெளுத்து நின்றன ஆப்பிள் மரங்கள்.

மண்ணில் ஒரு முள் கிடந்தது,
கறுப்பும் வெள்ளையுமாய்.
கையெழுத்துப் போட்டவர்
மறந்துவிட்டுப் போன பேனா.

கிராபோவில் எல்லாரும் சொன்னார்கள்,
பிடுங்கிப் போடு என்று.
மக்ரீட்டா மட்டும் குனிந்து
நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.
இன்னும் வேருக்குச் சேதி போகவில்லை என்றாள்.
(என் ஆப்பிரிக்கான்ஸ் அரைகுறை.
அவள் வேறெதுவும் சொல்லியிருக்கலாம்.)

கட்டைவிரல் பருமனில் நான்கு,
இந்த ஆகஸ்டில் நட்டவை.
அவற்றுக்கு வேறு வழியில்லை.
காயத்துக்குக் கீழே, ஒட்டுக் கணுவுக்கு மேலே
வெட்டினோம்.
வெட்டுண்ட துண்டில்
நர்சரிச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தது,
விலையோடு.

மற்ற ஏழுக்கும் மூன்று வயது.
ஏழுக்கும் பாலம்.

குளிர்காலத்தில் கவாத்து செய்த குச்சிகளை
எதற்கென்று தெரியாமலே
ஈரச் செய்தித்தாளில் சுற்றி
பிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.
கறிவேப்பிலைக் காம்பென்று
ஒருமுறை எறியப் பார்த்தார் பூபாலன்.

பட்டை கழலும்வரை காத்திருக்க வேண்டும்.
அக்டோபரில் ஒருநாள் கத்தி வைத்ததும்
வேகவைத்த உருளைக்கிழங்கின் தோலாய்
விலகிக் கொடுத்தது.

குச்சியின் இரு முனையையும் ஆப்பாய்ச் சீவி
ஒன்று காயத்துக்குக் கீழே, ஒன்று மேலே,
நடுவில் கொஞ்சம் வில்லாய் வளைத்து
(காற்றில் மரம் ஆடும், இடம் வேண்டும்)
சின்ன ஆணி, அதன்மேல் மெழுகு.
மரத்துக்கு மூன்று.

பூபாலன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.
ஜூனில், கேப்டவுனில்,
அவர் காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயை
நெஞ்சுக்குள் வைத்துத் தைத்தார்கள்.
அதுவும் மூன்று.
கனமானது எதையும் தூக்கக் கூடாது.
ஆணி தூக்கலாம்.
ஒவ்வொன்றாய் நீட்டினார்.
அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.
மெழுகு ஆறுகிறது என்றார், ஒருதரம்.

ஐந்தாவது மரத்தில் ஒரு குச்சியைத்
தலைகீழாய்ச் செருகிவிட்டேன்.
மொட்டெல்லாம் தரையைப் பார்த்திருந்ததை
இரண்டு வாரம் கழித்துத்தான் கண்டேன்.
மேல் எது கீழ் எதுவென்று
குச்சிக்குத் தெரிந்திருந்தது.
அது காய்ந்தது.
மற்ற இரண்டும் சுமந்தன.

பிறகு சில்லறை வேலைகள்.
வாரம் இரண்டு வாளித் தண்ணீர்.
தண்டைத் தொடாமல் வைக்கோல்.
முழங்கால் உயரத்துக்குக் கோழிவலை,
அடியைப் புதைத்து.
பாலத்தில் துளிர்ப்பதைக் கிள்ள வேண்டும்;
பாலத்தில் யாரும் குடியிருக்கக் கூடாது.

பிஞ்சுகளையும் கிள்ளினோம்.
சுண்டைக்காய் அளவுதான்,
மயிர்கூட உதிராத பிஞ்சுகள்.
இந்த வருஷம் உனக்கு வேண்டாம் என்று
மரத்திடம் சொன்னேன், தமிழில்.
சுற்றிலும் யாருக்கும் புரியாது,
அதனால் கூச்சமில்லை.

டிசம்பரில் தென்கிழக்குக் காற்று
மூன்று நாள் விடாமல் அடித்தது.
வெட்டிய நான்கில் மூன்று
பென்சில் உயரம் துளிர்த்துவிட்டன.
ஏழில் ஆறு இலையோடு நிற்கின்றன.
பாலங்கள் தடிக்கத் தொடங்கியிருக்கின்றன,
புடைத்த நரம்பு மாதிரி, பார்க்க அசிங்கமாய்.

ஏழாவது மரத்தை
யாரும் சொல்லாமலே எழுந்து போய்
பூபாலன்தான் பிடுங்கினார்,
தோளில் போட்டுக்கொண்டு வேலிவரை நடந்தார்.

நான் தடுக்கவில்லை.
வலைக்கம்பியைச் சுருட்டியபடி
அவர் மூச்சை மட்டும்
எண்ணிக்கொண்டிருந்தேன்.