வலப்பக்கம் சாய்ந்த ஐந்து

ஏணியில் நிற்கிறவனுக்கு அது வெறும் ஐந்து பல்பு.
உப்பனாற்றுக் காற்று இரவெல்லாம் பூசிவிட்டுப் போனதைப்
பழைய வேட்டித் துணியால் துடைப்பேன்,
கண்ணாடிக்கு ஓர் ஊதல், ஒரு சுழற்று.
கீழே ஏணியைப் பிடித்திருக்கும் வேம்பையன்
சிப்காட் வாடை இன்றைக்கு எந்தப் பக்கம் என்று
மூக்கைச் சுளித்தே சொல்லிவிடுவான்.

பதினோரு வருஷம்.
கடலூர் துறைமுகம் சந்திப்பு, ஹோம் சிக்னல்.
சிதம்பரத்துக்கு நேரே போகிற வண்டிக்கு
ஐந்தும் எரியாது.
குறிஞ்சிப்பாடிப் பக்கம் திரும்புகிற வண்டிக்குத்தான்
மஞ்சளின் தலைக்கு மேல்
வெள்ளையாய்ச் சாய்ந்து எரியும்.
குறைந்தது மூன்று எரிய வேண்டும்.
இரண்டாகிப் போனால் மஞ்சளும் வராது,
சிவப்பே நிற்கும்:
அரைகுறையாய் வழி சொல்வதற்கு
வாயை மூடிக்கொண்டிரு என்று அர்த்தம்.
ரேணுகாவிடம் இதை விளக்கினேன்.
"உங்களுக்கும் அந்த விதிதான்" என்றாள்.

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி
எப்படித் தெரிகிறது பார்த்து வா என்று
திருப்பாதிரிப்புலியூரில் எஞ்சினில் ஏற்றிவிட்டார்கள்.
நெய்வேலிக்குக் காலி வேகன், ஐம்பத்தெட்டு.
லோகோ பைலட் குலாம் தஸ்தகீர்,
உதவிக்குப் பரிமளா.

கெடிலம் பாலம் கீழே தடதடத்தது.
"இரட்டை மஞ்சள்" என்றாள் அவள்.
"இரட்டை மஞ்சள்" என்றார் அவர்.
அவ்வளவுதான் பேச்சு.

அப்புறம் இருட்டில்,
பல்பாகவே இல்லை அது.
சிலேட்டில் ஒரே இழுப்பாய் இழுத்த
பல்பக் கோடு.
கிட்டே வர வரத்தான் கோடு புள்ளியானது.
நான்கு.
கீழிருந்து இரண்டாவது இல்லை.
முந்தின நாள் மத்தியானம்
நான் மாற்றியது.

"ஹோம் மஞ்சள், ரூட் வலது."
"ஹோம் மஞ்சள், ரூட் வலது."
யாரும் எண்ணவில்லை.
பிரேக்கில் ஒரு கை கொஞ்சம் பதிந்தது.
முப்பதுக்கு இறங்கி
பாயின்ட் நாக்கின் மேல் எஞ்சின் இடுப்பை ஒடிக்க,
பின்னால் ஐம்பத்தெட்டும் ஒவ்வொன்றாய்
அதே இடத்தில் அதே முனகல்.

"சார், ஒண்ணு எரியல" என்றேன்.
தஸ்தகீர் திரும்பவில்லை.
"எந்தப் பக்கம்னு தெரிஞ்சுதே."

மறுநாள் சாயங்காலம்,
விருத்தாசலம் பாசஞ்சருக்கு எரிகிற நேரம்,
ஏணியைச் சாய்த்துவிட்டு ஏறாமல்
தண்டவாளத்தோரம் கெடிலம் பக்கம் நடந்தேன்.
"ஏறலியா?" என்று கத்தினான் வேம்பையன்.
நடந்துகொண்டே அடிக்கடி
திரும்பித் திரும்பிப் பார்த்தேன்,
இன்னும் புள்ளிதான்,
இன்னும் புள்ளி.