நைட் ஹால்ட்

கடைசி ட்ரிப் முடிந்து
ஹொசஹட்டியில் நிற்கிறது வண்டி.
இன்ஜின் சூடு மெல்ல இறங்குகிறது.
சூசைராஜ் அண்ணன் மஃப்ளரோடு நீளசீட்டில் குறட்டை.
நான் பின்சீட்டில், கம்பளிக்குள்,
உள்ளங்கை அகல உலகம் ஒன்றைத் திறக்கிறேன்.

ஜப்பானில் யாரோ செய்தது.
முதல் வேலையாகப் பெயர் கேட்டது.
ஆறே கட்டம்.
ஞானதிரவியம் அதில் கொள்ளவில்லை.
ஞானம் ஏறிக்கொண்டான்,
திரவியம் படியோடு நின்றுவிட்டது.
பதினோரு வருட சர்வீஸில்
எனக்கு இது புதிதல்ல.

அப்படி என்னடா இருக்கு அதுல என்று
அண்ணன் ஒருநாள் எட்டிப் பார்த்தார்.
இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் ஒரு பிசாசு.
யாரும் யாரையும் அடிக்கவில்லை.
"ஏன் சும்மா நிக்கிறானுங்க?"
நான் யோசிக்கிறேன் அண்ணே.
"நீ யோசிக்கிற வரைக்கும் அது விடுமா?"
விடும்.
விடிய விடிய யோசித்தாலும்
ஓங்கிய கை ஓங்கியபடி
மூச்சு மட்டும் வாங்கிக்கொண்டு நிற்கும்.
அண்ணன் ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.
"நல்ல பிசாசுடா.
நம்ம செக்கிங் இன்ஸ்பெக்டருக்கு இந்தப் பொறுமை வராது."

மார்கழியில், மூணாவது வளைவில்,
காட்டுமாடு ஒன்று குறுக்கே நின்றது.
இன்ஜினை அணைத்தோம். லைட்டைத் தாழ்த்தினோம்.
மூடுபனிக்குள் ஒரு பாறை மூச்சுவிட்டது.
இருபத்தேழு டிக்கெட், ஒரு பேச்சில்லை.
அது தேயிலைச் சரிவைப் பார்த்தது,
எங்களைப் பார்த்தது,
சாவகாசமாகச் சாணி போட்டது,
பிறகு சரிவில் இறங்கிப்போனது.
சாவியில் கை வைத்த அண்ணன்
திரும்பாமலே கேட்டார்:
"இப்ப நம்ம முறைதானேடா?"

பத்துக் காசு கொடுத்துச் சத்திரத்தில் படுத்தால்
விஷம், வெட்டுக்காயம், சாபம்
எல்லாம் காலையில் இருக்காது அங்கே.
இங்கே ஹால்ட் பேட்டா வாங்கிப் படுத்தாலும்
முதுகுவலி முதல் ட்ரிப்புக்கு முன்னே எழுந்துவிடுகிறது.
அங்கே வானத்தில் கறுப்பு நிலா,
நாளை உலகம் முடிகிறது,
நான் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருக்கலாம்.
மெமோ வராது.

இதெல்லாம்கூட இல்லை.
முதல் ஊர்க் கிணற்றடியில் ஒருத்தி நிற்பாள்.
"வடக்கே போகாதே, பாலம் உடைஞ்சிருக்கு."
பத்துத் தடவை கேட்டாலும் அதே பதில்.
முப்பது மணி நேரம் கழித்து,
பாலம் நின்ற பிறகு,
மெனக்கெட்டுத் திரும்பிப் போனேன்.
"வடக்கேருந்து என் தங்கச்சி வந்திருக்கா" என்றாள்.
அவ்வளவுதான்.
பணம் இல்லை, வாள் இல்லை.
முன்பின் தெரியாத ஒருத்தி வாயில்
ஒரு வரி மாறியிருந்தது என்னால்.
கம்பளிக்குள் அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கைகாட்டியில் காரட் மூட்டையோடு ஏறுவார் போஜன்.
"பின்னால வண்டி வருதா?"
வருது என்பேன்.
இதிலேயே ஏறிவிடுவார்.
மழையிலும், பந்த்துக்கு மறுநாளும்,
மகள் கல்யாணத்துக்கு மறுநாளும்
அதே கேள்வி, அதே ஏற்றம்.

போன செவ்வாய் மூட்டை இல்லை.
ஒரு கால் படியில், ஒரு கால் தரையில்.
"இந்த வண்டி எங்க போகுது?" என்றார்.

கையில் டிக்கெட் மிஷின் கனத்தது.
எங்கோ ஏதோ நடந்திருக்கிறது.
எந்தப் பாலம் என்று தெரியவில்லை.
விசிலை வாயில் வைத்துக்கொண்டு நான் ஊதவில்லை.
"நம்ம வண்டிதான், ஏறுங்க" என்றேன்.
ஏறினார்.
அதற்கப்புறம் மூணு நாளாய் அங்கே யாரும் கை காட்டவில்லை.

எழுபத்தோரு மணி நேரம் ஆடி
கடைசிக் கதவின் முன்னால் நிற்கிறேன்.
உள்ளே அரக்கன்.
இருக்கட்டும், காத்திருப்பான்.
சேவ் செய்து மூடுகிறேன்.
கண்ணாடியில் பனி வழிகிறது.

ஆறு பத்துக்கு முதல் ட்ரிப்.
கைகாட்டியில் இறங்கி
போஜன் வீடு எது என்று டீக்கடையில் கேட்க வேண்டும்.
சொன்னால் அண்ணன்
அஞ்சு நிமிஷம் வண்டியை நிறுத்துவார்.