கடைமடை வரை

இரவுப் பணி முடிந்து
சொட்டச் சொட்ட ரெயின்கோட்டை ஆணியில் மாட்டும்போது
கலெக்டர் லீவு விட்டிருந்தார்.
தமயந்திக்கு லீவு இல்லை.
மழைக்காலத்தில்தான் லேபுக்கு ரத்தம் நிறைய வரும் என்று
என் கைக்குடையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

எனக்குத் தூக்கம் வேண்டும்.
அங்கவைக்கும் பரிதிக்கும்
எட்டரை மணிக்கே வீடு சின்னதாகிவிட்டது.
சோபாவிலிருந்து கட்டிலுக்கு ஒரு தாவல்,
கட்டிலிலிருந்து தரைக்கு ஒரு தொம்.
கீழ் போர்ஷனிலிருந்து இர்ஃபான் ஏறி வந்தான்,
கையில் பாதி ரஸ்க்கும் அவன் அம்மாவின் சேதியும்:
"பாப்பா இப்பதான் தூங்குச்சு. குதிக்காதீங்களாம்."
சொல்லிவிட்டுப் போகவில்லை.
செருப்பைக் கழற்றினான்.

குதிக்கக் கூடாது. ஓடக் கூடாது.
மூவரும் மூலையில் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள்:
நான் கல்லணை.

"கண்ண மூடிக்கலாமா?"
"அணைக்குக் கண்ணு ஏதுப்பா?"
ஹாலின் நடுவே மல்லாந்தேன்.
வலது கை கொள்ளிடம், இடது கை காவிரி,
ஒரு கால் வெண்ணாறு, இன்னொன்று புது ஆறு.
இத்தனை தெளிவாக
எனக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை.

பீரோவிலிருந்து துப்பட்டாக்கள் இறங்கின.
பச்சை, குடமுருட்டி.
மஞ்சள், அரசலாறு.
சரிகை வைத்தது, ஒரே ஒரு கல்யாணத்துக்குப் போட்டது,
அது வெட்டாறு.
ஓடம்போக்கிக்கு என் பழைய லுங்கி.
"நம்ம திருவாரூர் ஆத்துக்கு மட்டும் லுங்கியா?"
இர்ஃபானுக்கு அதில் வருத்தம்தான்.

தண்ணீர் படாமல் கடக்க வேண்டும்.
சத்தம் வந்தால் அவுட்.
அங்கவை கொக்காக ஒற்றைக் காலில் நின்று
மறுகாலைத் தூக்கி, நீட்டி, இன்னும் நீட்டி
அக்கரையில் பெருவிரலை மட்டும் ஊன்றினாள்.
பரிதி வயிறு மேலே பார்க்க, கை பின்னால் ஊன்றி
நண்டு நடை நடந்தான்.
வயல் நண்டு பக்கவாட்டில்தான் போகும் என்று தகராறு,
அதுவும் கிசுகிசுப்பிலேயே.
இர்ஃபான் குனிந்து உள்ளங்கை இரண்டையும் தரையில் பதித்து
மதகானான்.
அவனுக்கடியில் பரிதி தண்ணீராக வழிந்து போனான்.
மூன்று பிள்ளைகள்
இத்தனை அமைதியாக இப்படி வேர்த்து
நான் பார்த்ததே இல்லை.

கண் சொருகும்போது புகார் வந்தது.
"கடைமடைக்குத் தண்ணி வரலப்பா."
"என்னது?"
"காவிரி விரல் மடங்கிக் கெடக்கு. பூம்புகார் காயுது."
"தலைஞாயிறும்தான்," என்றான் இர்ஃபான்,
அவன் மாமா ஊர்.
கையை நீட்டினேன். காலை நீட்டினேன்.
"இன்னும்."
பதினோரு வருடம் ஸ்பேனர் பிடித்த தோளில்
துருப்பிடித்த ஷட்டர் ஒன்று கிறீச்சிட்டது.
"தெறக்குது, தெறக்குது!"
ஒருவன் மணிக்கட்டை இழுத்தான், ஒருத்தி குதிகாலை.
விலாவுக்குள் எங்கோ
முறைத்தண்ணீர்கூட எட்டாத வாய்க்கால் ஒன்று
சுள்ளென்று திறந்துகொள்ள,
கத்திவிட்டேன்.

கீழே பாப்பா வீறிட்டது.

மூவரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.
மெஹருன்னிசா பிள்ளையோடு மேலே வந்து
"யாரு கத்துனது?" என்றபோது
மூன்று விரல்கள் நீண்டன.
நான் எழுந்து உட்கார்ந்து
சட்டைப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அவர் பாப்பாவை ஓடம்போக்கியில் கிடத்தித் துணியை அவிழ்த்தார்.
அழுகையை நடுவிலே விட்டுவிட்டு
அது ஒரு நெளி நெளித்தது:
இரண்டு முஷ்டியும் தலைக்கு மேலே,
முதுகு வில்லாக,
கால் சுண்டுவிரல் வரை விறைத்து, நடுங்கி,
மெல்லத் தளர்ந்தது.
எங்கும் காயவில்லை.

"இதுதான் புது அணை," என்றான் பரிதி.

எனக்கு வேலை போயிற்று.
சுவரோரம் போய்ப் படுத்தேன்.
வெளியே மழை வலுத்தது.
விரல்களை மடக்காமலே தூங்கிப்போனேன்.
யாரோ என் வெண்ணாற்றை
சத்தமில்லாமல் தாண்டினார்கள்.