ஐந்நூறு மில்லி

காலையிலேயே பழைய பாட்டிலில் அளந்து வைத்துவிடுவாள் மரகதவல்லி.
மார்க்கர் பேனாவால் ஐந்து கோடு.
மாத்திரைக்கு ஒன்று, தேநீருக்கு ஒன்றரை,
மற்றது ஆயர் ஈத்தாம் வெயிலுக்கு.

ஊர்ப் பெயரிலேயே தண்ணீர்.
கறுப்புத் தண்ணீர் என்று அர்த்தம்.
பஸ் நெற்றியில் அந்தப் பெயர் எரியும்போதெல்லாம்
என் நாக்கு ஒருமுறை புரளும்.

குடிப்பது மட்டும்தான் தண்ணீர் என்று நினைத்திருந்தேன்
ஐம்பத்தோரு வயது வரை.
ரசம் தண்ணீர். தயிர் தண்ணீர்.
தர்பூசணி, சொல்லவே வேண்டாம், சாயம் பூசிய குடம்.
இட்லியைப் பிழிந்து பாருங்கள் என்றாள் மிஸ்ஸி கோகிலம்.
சோறு எனக்கு முன்பே வயிறு முட்டக் குடித்துவிட்டு
தட்டில் வந்து பருத்துக் கிடக்கிறது.

உப்பைக் குறைத்தால் தாகம் குறையும் என்கிறார்கள்.
உண்மைதான்.
ஆனாலும் ஐஸ் கட்டி ஒன்றைக் கடைவாயில் ஒதுக்கி
கடிகாரம் பார்த்துக் கரைய விடுகிறேன்.
ஏழு நிமிடம், என் சாதனை.
பக்கத்து நாற்காலி ஆ ஹுவாட் பதினொன்று என்கிறார்.
பொய்யாக இருக்கலாம்.

செவ்வாய், வியாழன், சனி.
தராசில் ஏறினால் தெரிந்துவிடும் திருட்டு.
இரண்டு நாளில் இரண்டு கிலோ எண்ணூறு.
"கல்யாண வீட்டுக்குப் போனீங்களா?" என்பாள் மிஸ்ஸி.
இல்லை. ஒரு கிண்ணம் மோர்,
வாய் கொப்புளிக்கையில் தவறி உள்ளே போன கொஞ்சம்.
தவறித்தான்.

ஜனவரியில் பெரிய குழாய் வெடித்து
மூன்று நாள் எங்கள் பக்கம் சொட்டு இல்லை.
பன்னிரண்டாம் மாடிக்கு வாளி தூக்கினார்கள்.
லிஃப்ட்டில் எல்லாருக்கும் என் முகம்.

மூன்றாம் நாள் சிகிச்சை மையத்துக்கு லாரி வந்தது.
அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்:
நான்கு மணி நேரம் என் ஒருவன் ரத்தம் கழுவ
நூற்றிருபது லிட்டராவது வேண்டுமாம்.
குழாய்களைப் பார்த்தபடி படுத்திருந்தேன்.
ஒரு மிடறு அதிகமானால் மூச்சை அடைக்கிற அதே தண்ணீர்
மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் ஓடி,
ரத்தத்தைத் தொடாமல் தொட்டு,
அழுக்கைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு
சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.
அதன் மேல் வைத்திருந்த கோபத்தை
எங்கே வைத்தேன் என்று தேடினேன்.

இரவில் மரகதம் சமையலறை விளக்கைப் போடாமல் குடிப்பாள்,
குழாயைச் சன்னமாகத் திறந்து,
மிடறு இறங்கும் சத்தம் எனக்குக் கேட்காதபடி.
ஆறு வருஷமாகக் கேட்கிறது.

"இங்கே வந்து குடி" என்றேன்.
வந்தாள். நின்றாள்.
பிறகு எதிரில் உட்கார்ந்து முழுச் செம்பையும் அண்ணாந்தாள்,
கழுத்தில் ஒவ்வொரு மிடறும் ஏறி இறங்க.
நான் எண்ணவில்லை.
என் பாட்டிலில் இன்னும் அரைக் கோடு மிச்சம் இருந்தது.