பல் பிடுங்கிய வியாழன்

ரொட்டி வாங்கப் போன ரிகோபெர்த்தோ
ரொட்டி இல்லாமல் திரும்பி வந்து சொன்னான்:
"ஒட்டிலியா, நான் செத்துவிட்டேன்."

போய்ப் பார்த்தேன்.
காப்பிக் கடைச் சுவரில்
கறுப்பு வெள்ளையில் நான்.
தூக்குவண்டியின் ஜன்னலில் நெற்றி முட்ட,
கன்னத்தைத் தாங்கிய கை, கண்ணோரம் நீர்,
பின்னால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் பனிக்குள்.
அடியில் சின்ன அட்டை:
கடல் தின்றவனின் மனைவி. வால்பரைசோ, ஆகஸ்ட்.
விலையும் இருந்தது.
அதைச் சொன்னால் எங்கள் வீட்டு எரிவாயு உருளை
கோபித்துக்கொள்ளும்.

கடல் தின்றவன் என் பக்கத்தில் நின்று
மூக்கைச் சிந்தினான்.
முப்பது வருடம் பேருந்து ஓட்டியவன்.
படகைப் பார்த்தாலே குமட்டும்.
"ஒரு விபத்திலாவது கொன்றிருக்கக் கூடாதா?
சாலையில், கௌரவமாக?"

அன்று வியாழக்கிழமை. கடைவாய்ப் பல்.
மருத்துவர் மூன்று முறை இழுத்தார்,
நான்காம் முறை என் தாடையே
கூட வருகிறேன் என்றது.
வாய் நிறையப் பஞ்சு. பாதி முகம் என்னுடையது இல்லை.
பெட்டி குன்றேறும்போது
ஏதோ சொடுக்கியது போலவும் இருந்தது.
மரத்துப்போன பக்கத்துக் காது அது.

படம் எடுத்தவள் உள்ளேயிருந்து வந்தாள்,
ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே.
மைத்தே என்று பெயர். அங்கேயே பாத்திரமும் கழுவுகிறாள்.
"கேட்டால் முகம் மாறிவிடும், செனோரா.
எல்லோரும் சிரித்துத் தொலைக்கிறார்கள்."
வாஸ்தவம்.
பூனையிடம் சொல்லிவிட்டுப் பூனையைப் பிடிக்க முடியாது.
ஆனால் பிடித்த பிறகு?
பெட்டி மேலே போய்ச் சேர ஒரு நிமிடம்.
இறங்கும் வாசல் ஒன்றே ஒன்று.
தோளைத் தொட்டு ஒரு வார்த்தை?

"அழுதுகொண்டிருந்தீர்கள்.
தொந்தரவு செய்ய மனம் வரவில்லை."

மரியாதையைப் பாருங்கள்.
தொட்டால் கலையுமாம்,
எடுத்துக்கொண்டு போனால் கலையாதாம்.

வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டினேன்:
"இதோ, உன் கடல்."

அவள் முகம் சிவந்தது. மன்னிப்புக் கேட்டாள்.
படத்தைக் கழற்ற முக்காலிமேல் ஏறியும்விட்டாள்.
அப்போதுதான் இடது ஓரத்தைப் பார்த்தேன்.

ஒரு தோள். கலங்கிய பாதி முகம்.
காமிராவுக்கு அவன் வேண்டியிருக்கவில்லை.
எனக்குத் தெரியும். எவரிஸ்தோ. மூன்று வீடு தள்ளி.
மடியில் மருத்துவமனையில் கொடுத்தனுப்பும்
ஒளி ஊடுருவும் பை.
பைக்குள் ஒரு ஜோடிப் பெண் செருப்பு.
பிளாஸ்டிக்கின் மேலாகவே
செருப்பின் வாரைச் சரிசெய்கிறது அவன் விரல்.

அந்த வியாழன் இரவு
அவன் வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தது.
வலியில் தூங்காமல் கிடந்த நான்
மின்கட்டணத்தைப் பற்றி நினைத்துக்கொண்டேன்.

ஒரே பெட்டியில் வந்தோம். நான்கடி தூரம்.
மைத்தே பார்க்கவில்லை,
அவளுக்கு என் கண்ணீர் போதும்.
நான் பார்க்கவில்லை,
எனக்கு என் பல்.

ரிகோபெர்த்தோ ஆணி அடித்த லட்சணத்தைக்
குறை சொல்லிக்கொண்டிருந்தான்.
அவனிடமும் சொல்லவில்லை.

"கழற்றாதே பெண்ணே, நான் தொங்கிவிட்டுப் போகிறேன்.
பெயரை மாற்று.
இந்தப் பக்கம் மட்டும் நாலு விரல் வெட்டிவிடு."

"அங்கே ஒன்றுமே இல்லையே. வெறும் நிழல்."

"ஆமாம்."

"வெட்டினால் படம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்."

"சாயட்டும்."

"ஏன் என்று சொல்லுங்களேன்."

சொன்னால் அதுவும் ஒரு படம்.
சொல்லாமல் ரொட்டி வாங்கப் போனேன்.

வெட்டியிருக்கிறாள். அட்டையில் இப்போது
பல், வியாழன் என்று எழுதியிருக்கிறது.
விலை குறைந்திருக்கிறது. ரிகோபெர்த்தோ உயிரோடிருக்கிறான்,
அதையும் போகிற வருகிறவர்களிடம் சொல்கிறான்.

நேற்றுத் தூக்குவண்டியில் எவரிஸ்தோ எதிரே இருந்தான்.
கையில் ஒன்றுமில்லை, வெங்காயத் தாள் ஒரு கட்டு.
பனி விலகித் துறைமுகம் தெரிய,
சிவப்புத் தொப்பிப் பையன் ஒருவன்
கைபேசியை உயர்த்தினான்.
கடலைத்தான் எடுத்தானோ என்னவோ.

எழுந்து நடுவில் போய் நின்றேன்.
நல்ல அகலமான முதுகு எனக்கு.