ஒருவர் குறைகிறார்

ஆடி பிறந்து மூன்றாம் நாள்.
கடைசி லோடு பெங்களூரா அரைத்து முடித்தாயிற்று.
காவேரிப்பட்டணம் கூழ் ஆலை, மாடி அறை.
காற்றில் பறக்காமலிருக்க
காய்ந்த மாங்கொட்டை ஒன்றின் கீழ்
ஏழு படிவங்கள், ஏழு பேர்.

ஹெட் ஆபீஸ் கணக்கு:
ஐந்து மதிப்பெண் இரண்டு பேருக்கு மேல் கூடாது.
ஒன்று, யாராவது ஒருவருக்குக் கட்டாயம்.

பேனா தானாகவே தீர்த்தகிரி பக்கம் போனது.
போன செவ்வாய்
பதினொரு டிரம் உப்பித் திரும்பி வந்தன,
அவர் ஷிப்டில் நிரப்பியவை.
அந்தப் புளித்த வாடை
இன்னும் என் துப்பட்டாவில்.
ஒரு வருஷத்தை ஒரு செவ்வாய்
எவ்வளவு சுலபமாக விழுங்கிவிடுகிறது.

முனிரத்னத்துக்கு ஐந்து போட்டிருந்தேன்.
ஏன் என்று கேட்டுக்கொண்டேன்.
என் ஸ்கூட்டியைத் தினமும்
புளியமர நிழலுக்குத் தள்ளி வைப்பான்.
வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை.

சர்க்கரை அளக்கும் பெண்களிடம்
தினம் நான் கத்துவது இது:
கண்ணாடியைத் துடை, முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவா,
அப்புறம் சொட்டு வை.

லாக் புத்தகத்தை அலமாரியிலிருந்து இறக்கினேன்.

தை, கொய்யா ஓடும்போது, இரவு இரண்டு மணி:
குழாய் வெடித்தது, வால்வு மூடினேன். தீ.கி.
மே நாலு: புதுப் பெண்கள் நால்வருக்கும்
காய் வெட்டு பழக்கினேன். தீ.கி.
ஜூன் ஒன்பது: ஸ்டீம் லைன் கேஸ்கட் கசிகிறது,
சூடு ஏறவில்லை. தீ.கி.
ஜூன் பதினேழு: மறுபடியும் சொன்னேன். தீ.கி.

அதற்குக் கீழே பச்சை மையில்
'பார்க்கிறேன்.'
பக்கத்தில் என் கையெழுத்து.

கூப்பிட்டேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.
தொப்பியை மடியில் வைத்து
இரண்டாக, நாலாக மடித்தார்.
படிவத்தைத் தரவில்லை;
புத்தகத்தைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினேன்.
விரல் வைத்துப் படித்தார், எழுத்து எழுத்தாக.
விரல் பச்சை மையில் நின்றது,
தாண்டிப் போனது.
திட்டுவார் என்று காத்திருந்தேன்.

'கேஸ்கட் மாத்தியாச்சுங்களா மேடம்?'

இல்லை.

அவருக்கு நாலு.
உப்பிய டிரம்முக்கு எதிரே
காரணம் எழுதும் கட்டத்தில்
என் பெயர், பதவியோடு.
முனிரத்னத்துக்கு மூன்று; நாளை அவனையும் கூப்பிட்டு
ஏன் என்று சொல்ல வேண்டும்.
நிழலைப் பற்றிப் பேசக்கூடாது.

மணி எட்டு. பைபாஸில்
ஓசூர் லாரிகள் இரைகின்றன.
அனுப்பு பட்டனை அழுத்துகிறேன்,
ஏற்க மறுக்கிறது கம்ப்யூட்டர்.
சிவப்பு எழுத்தில் கேட்கிறது:
'ஒன்று' பட்டியலில் ஒருவர் குறைகிறார்.

குறையட்டும்.
ஸ்டோருக்குப் போன் போட்டு
கேஸ்கட் இருக்கிறதா என்று கேட்கிறேன்.