மேற்படி ஏணி

கோப்பு வந்தது வியாழக்கிழமை பிற்பகல்.
நாடாவில் யாரோ டீ சிந்தியிருந்தார்கள்.
பொருள்: சிறைக் காவலர்களுக்கும்
பணி முன்னேற்ற ஊதிய நிலைகளை நீட்டித்தல்.
மேற்படி செலவினம் கணக்கிட்டு அனுப்புக.
அனுப்புக என்றால் திங்களுக்குள்.

எக்செல் திறந்தேன்.
பத்தாம் வருடம் ஒரு படி,
பதினைந்தில் ஒன்று, இருபத்தைந்தில் ஒன்று.
ஒவ்வொன்றின் மேலும் அகவிலைப்படி,
வீட்டு வாடகைப்படி,
ஓய்வூதியத்துக்கு அரசின் பங்கு.
ஒரு படி வைத்தால் எத்தனை படி முளைக்கும் என்பது
நிதித் துறையில் ஓதுவார் வேலை மாதிரி,
ராகம் பிசகாமல் வரும்.

சராசரி தலைக்கு மாதம் இரண்டாயிரத்து நூற்றுப் பத்து.
தலைகள்தான் சரியாக வரவில்லை.
பட்டியலில் ஒருவர் இரண்டு முறை,
இறந்தவர் மூவர்.
வரிசை எண் 212இல் பிறந்த தேதியும்
பணியில் சேர்ந்த தேதியும் ஒன்றே.
காக்கியோடு பிறந்திருக்கிறார்.

சரிபார்க்கப் புழலுக்குப் போனேன்.
காவாங்கரையில் இறங்கி
வாசலில் கைப்பேசி கொடுத்து, குடை கொடுத்து,
பேனாவைத் திருப்பி வாங்கி.

212 நேரிலேயே வந்தார். முனிரத்தினம்.
உட்காரச் சொன்னேன். பழக்கமில்லைம்மா, என்றார்.
முப்பத்து மூன்று வருடம்.
முதல் போஸ்டிங் சென்ட்ரல் பக்கத்துப் பழைய ஜெயில்.
"அங்க இப்ப டாக்டருக்குப் படிக்கிறாங்க."
ஒரே ஒரு உயர்வு, பத்தொன்பதாம் வருடத்தில்.
பணிப்பதிவேட்டில் அந்தப் பக்கம் மட்டும்
விரல் பட்டுப் பட்டு மங்கியிருந்தது.

நடுவில் கூப்பிட்டார்கள், போனார்.
தாழ்வாரத்தில் டியூப்லைட் போய்விட்டதாம்.
சங்கிலி போட்டுப் பூட்டிய அறையிலிருந்து
ஏணி வந்தது, பதிவேட்டில் கையெழுத்தோடு.
"உள்ள ஏணி நுழைஞ்சா
ஒரு ஆள் அதை விட்டு நகரக் கூடாதும்மா.
பன்னண்டு படி. எண்ணி வாங்கி எண்ணிக் குடுக்கணும்."
வெள்ளைச் சட்டைக் கைதி ஒருவர்
பல்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
கடகடவென்று ஏறினார்.
இவர் கீழே பிடித்துக்கொண்டு நின்றார்,
இரண்டு கையாலும்,
அண்ணாந்து.

திரும்பும் பஸ்ஸில் மழை.
மூலக்கடை மேம்பாலத்துக்குக் கீழே நெரிசல்.
ஆண்டுக்கு எட்டரைக் கோடி, கொஞ்சம் சில்லறை:
இதில் எத்தனை தூண் எழுப்பலாம் என்று
என் மூளை தானாகவே கணக்குப் போட்டது.
என்னை ஏசிக்கொண்டேன்.
கணக்கு நிற்கவில்லை.

திங்களன்று துணைச் செயலர் பச்சை மையில் எழுதினார்:
பின்தேதி வேண்டாம்.
ஆணை வெளியாகும் நாள் முதல்.
முந்தைய காலத்துக்குக் கருத்தியலாக மட்டும்.
கருத்தியலாக என்றால்,
அவர்கள் உயர்ந்துவிட்டார்கள் என்று
அரசு நினைத்துக்கொள்ளும்.

ஆணை ஜூலைக்கு முன் வராது.
மே முப்பத்தொன்றில் ஓய்வு பெறுபவர்களை வடிகட்டினேன்.
பதினேழு வரிசைகள். 212உம் அதில்.
அழித்ததும் மொத்தம்
யாரும் தொடாமலே குறைந்தது.

எனக்கும் ஜூலையில்தான் ஊதிய உயர்வு,
வருடா வருடம், கேட்காமலே.

பன்னிரண்டு படி.
அன்றைக்கும் எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான்
வீட்டுக்குப் போயிருப்பார்.